புது வேலை, சின்ன ஊர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலத்தில் பெரும்பகுதி சின்ன ஊர்களில்தான் போனது. ஒரு மருந்தகம், ஒரு உதவியாளர், சுற்றிலும் கிராமங்கள். வேலைக்காகச் சின்ன ஊருக்குப் போகிறவர்கள் கேள்விகளை அனுப்பலாம் என்று போன இதழில் சொல்லியிருந்தோம். நிறையக் கடிதங்கள் வந்தன. பலருக்கும் பொதுவாக இருந்தவற்றை எடுத்துக்கொண்டு, பெயர்களை நீக்கிவிட்டேன். சின்ன ஊரில் பெயர் தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும்.

பெருநகரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வயது 29. ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில், பரிசோதனைக் கூடத்துக்கே பொறுப்பாளராக வரச் சொல்கிறார்கள். சம்பளம் ஏறத்தாழ இப்போது வாங்குவதுதான். மனைவி கணக்காளர். அங்கே அவருக்கு வேலை கிடைக்குமா என்று தெரியவில்லை. "நீங்க முடிவு பண்ணுங்க, நான் வர்றேன்" என்கிறார். போகலாமா?

தம்பி, உங்கள் கடிதத்தில் சம்பளத்தை விட அந்தக் கடைசி வரிதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. வேலைக்குப் போகிறவருக்கு முதல் நாளே ஒரு நாற்காலி இருக்கும், பேச நாலு பேர் இருப்பார்கள், "சார்" என்று கூப்பிட ஆள் இருக்கும். கூட வருகிறவருக்கு ஒரு வீடு மட்டும்தான் இருக்கும். நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஊரை விட்டுக் கிளம்பியதை நிறையப் பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் அதற்குக் காரணம் வேலை அல்ல. வீட்டில் இருந்தவருக்கு அந்த ஊரில் ஒன்றும் அமையவில்லை, அவ்வளவுதான்.

அதனால் இதை நீங்கள் தனியாக முடிவு பண்ணாதீர்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவர் அங்கே என்ன செய்துகொண்டிருப்பார் என்று பேசிப் பாருங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் மற்றதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. கணக்கு வேலையை வீட்டிலிருந்தே செய்ய முடியும். ஆனால் வாடகைக்குப் பார்க்கும் வீட்டுக்குள் இணையம் ஒழுங்காக வருகிறதா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன் அவரே தன் மடிக்கணினியைத் திறந்து பார்க்க வேண்டும். இன்னொன்று, அவருடைய வேலை விஷயத்தை மருத்துவமனை நிர்வாகத்திடம் கூச்சப்படாமல் கேளுங்கள். சின்ன ஊரில் தகுதியான ஆள் கிடைப்பது கஷ்டம். மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும் பணியிடத்துக்கு ஒருவர் வருகிறார் என்றால், கணவனுக்கோ மனைவிக்கோ நாலு இடத்தில் சொல்லி வைக்க அவர்கள் தயங்க மாட்டார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு கேட்டால் அந்த அவசரம் அவர்களுக்கு இருக்காது.

அப்புறம் வேலை. "பொறுப்பாளர்" என்பது பெரிய இடத்தில் நாலு பேரை மேய்ப்பவர். சின்ன இடத்தில் எல்லாவற்றையும் தானே செய்பவர். இதற்கு முன் அந்த நாற்காலியில் யார் இருந்தார், ஏன் போனார், அவரிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். நீங்கள் விடுமுறையில் போனால் யார் பார்ப்பார்கள்? கருவி பழுதானால் சரிசெய்கிறவர் வர எத்தனை நாள் ஆகும்? ஒரு முடிவில் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை லேசாக விடாதீர்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், பசுவுக்குப் பிரசவம் பார்க்கும்போது சில சமயம் கன்று முன்கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு, தலையை மட்டும் பக்கவாட்டில் மடக்கிக்கொண்டு கிடக்கும். அப்படியே இழுத்தால் தாயும் போகும், கன்றும் போகும். கையைத் தோள் வரை உள்ளே விட்டு, கன்றை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளி, கிடைத்த இடத்தில் தலையைத் திருப்ப வேண்டும். வலி வரும் ஒவ்வொரு முறையும் பசுவின் இடுப்பெலும்புக்கும் கன்றுக்கும் நடுவில் கை நசுங்கி மரத்துப்போகும். பெரிய மருத்துவமனையில் அந்த நேரத்தில் "நீங்க கொஞ்சம் பாருங்க" என்று சொல்ல இன்னொரு கை இருக்கும். எனக்கு இருந்தது தொலைபேசியில் ஒரு மூத்த மருத்துவர். உதவியாளர் போனை என் காதில் வைத்துப் பிடித்துக்கொள்ள, அவர் சொல்லச் சொல்லச் செய்திருக்கிறேன். அந்த ஒருவர் இருந்ததால்தான் என்னால் தனியாக வேலை பார்க்க முடிந்தது. கிளம்புவதற்கு முன்பே உங்களுக்கும் அப்படி ஒருவரைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய மேலாளரே கூட இருக்கலாம்.

ஊரைப் பார்க்கப் போனால் வேலை நாளில் போய் ஒரு ராத்திரி தங்குங்கள். விடுமுறை நாளில் எல்லா ஊரும் அழகாகத்தான் இருக்கும். இரவு எட்டு மணிக்கு இரண்டு பேரும் ஒரு சுற்று நடந்து வாருங்கள். மனைவிக்கு அந்த நடை சரியாக இருந்தால், இந்த வயதில் இந்த வேலையை நான் விடச் சொல்ல மாட்டேன். இவ்வளவு சின்ன வயதில் ஒரு பிரிவையே நடத்தும் வாய்ப்பு பெருநகரத்தில் லேசில் கிடைக்காது.

வந்து மூன்று மாதம் ஆகிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள், எல்லாரும் விசாரிக்கிறார்கள். தோழி என்று சொல்லிக்கொள்ள ஒருத்தி இல்லை. வெள்ளிக்கிழமை மாலையானால் பழைய ஊருக்கு ஓடிவிடுகிறேன். திங்கட்கிழமை, பழக்கமே இல்லாதவர்கள் கூட "ரெண்டு நாளா காணோமே, எங்கே போயிருந்தீங்க?" என்று கேட்கிறார்கள். மூச்சு முட்டுகிறது. என்னிடம்தான் ஏதாவது குறையா?

உங்களிடம் ஒரு குறையும் இல்லை மா. மூன்றாம் மாதம் அப்படித்தான் இருக்கும். கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர், வேறு நாட்டுக்குப் போய் வாழ்கிறவர்களைப் பற்றி 1960-ல் எழுதினார். முதலில் எல்லாம் புதுமையாக, அழகாகத் தெரியும். பிறகு எல்லாமே எரிச்சல் தரும். அதற்கப்புறம்தான் மெல்ல மெல்லப் பழகும் என்றார். அவர் சொன்னது நாடு மாறுகிறவர்களுக்கு. ஊர் மாறுகிறவர்களுக்கும் அது அப்படியே பொருந்துவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீங்கள் இப்போது அந்த நடுக்கட்டத்தில் இருக்கிறீர்கள்.

தோழி விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர், ஊர் மாறி ஆறு மாதத்துக்குள் இருந்தவர்களிடம் விசாரித்து 2018-ல் ஒரு கணக்குச் சொன்னார். தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து பழகுகிற நண்பராக ஆக, சேர்ந்து இருக்கும் நேரம் ஏறத்தாழ 50 மணி. நண்பர் என்று சொல்ல 90 மணி. நெருங்கிய நட்புக்கு 200 மணிக்கு மேல். அதிலும் சேர்ந்து வேலை செய்த நேரம் அவ்வளவாகச் சேர்த்தி இல்லை. சும்மா பேசிக்கொண்டு, நடந்துகொண்டு, சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டு இருந்த நேரம்தான் உதவுகிறது.

இப்போது உங்கள் வாரத்தைப் பாருங்கள். ஐந்து நாள் வேலை. மாலையில் களைப்பு. மிச்சமிருக்கும் சனி, ஞாயிறு இரண்டும் பழைய ஊருக்குப் போய்விடுகின்றன. புது ஊருக்கு ஒரு மணி நேரம்கூட மிஞ்சவில்லையே! வாரத்துக்கு நாலு மணி நேரம் ஒருவரோடு செலவழித்தாலே 200 மணி ஆக ஒரு வருடம் பிடிக்கும். பழைய ஊரை விட்டுவிடச் சொல்லவில்லை. மாதத்தில் இரண்டு வார இறுதி இங்கே இருங்கள். அந்த இரண்டு வாரமும் முதலில் நரகமாகத்தான் இருக்கும். ஞாயிறு மதியம் மூன்று மணி ரொம்ப நீளம். இருந்தாலும் இருங்கள்.

இருந்து என்ன செய்வது? ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்துக்குப் போங்கள். நூலகமோ, இறகுப்பந்து மைதானமோ, காலை நடையோ, எது உங்களுக்குப் பிடிக்கிறதோ அது. ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்ற மூன்று பேர், அமெரிக்காவின் எம்.ஐ.டி பல்கலைக்கழகத்தில் திருமணமான மாணவர்கள் குடியிருந்த வீடுகளில் யார் யாருக்கு நண்பரானார்கள் என்று ஆராய்ந்து 1950-ல் வெளியிட்டார்கள். பக்கத்து வாசல்காரர்களும், படிக்கட்டருகே இருந்ததால் அடிக்கடி கண்ணில் பட்டவர்களும்தான் அதிகம் நண்பர்களானார்கள். குணம், ரசனை எல்லாம் அப்புறம். முதலில் முகம் பழக வேண்டும். வாரம் ஒரு புது இடம் என்று சுற்றினால், எல்லா இடத்திலும் நீங்கள் புது ஆளாகவே இருப்பீர்கள்.

விசாரிப்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஏனென்றால் நகரத்திலிருந்து வருகிறவர்களை அதிகம் துரத்துவது இதுதான். வில்லியம் ஃப்ராய்டன்பர்க் என்ற சமூகவியலாளர், கொலராடோ மாநிலத்தின் சில சின்ன ஊர்களைப் பார்த்து 1986-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஓர் ஊரில் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள் எந்த அளவுக்கு இருக்கிறார்கள் என்பதுதான் அவர் பார்த்தது. திடீரென்று ஆட்கள் பெருகி அந்த அளவு குறைந்த இடத்தில், நம்மை யார் கவனிக்கிறார்கள் என்ற தொல்லையும் குறைகிறது. அதோடு சேர்ந்து, பிள்ளைகள் மேல் ஒரு கண் வைப்பது, முடியாதவர்களைப் பார்த்துக்கொள்வது ஆகியவையும் குறைகின்றன. இரண்டும் ஒரே வேரிலிருந்து வருபவை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வழியில் தினமும் பார்க்கும் ஒரு மாட்டுக்காரர், "அடுத்த வாரம் யாரோ வர்றாங்களாமே, யாரு?" என்று கேட்டார். "அப்பா" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு வந்தேன். என் வீட்டுக்கு யார் வந்தால் இவருக்கென்ன என்று எரிச்சல்தான். அடுத்த வாரம், சொன்ன நேரத்துக்கு முன்பே அப்பா வந்து இறங்கிவிட்டார். நான் எங்கேயோ ஒரு தொழுவத்தில் இருந்தேன். போனை எடுக்க முடியவில்லை. நிறுத்தத்தில் பையோடு நின்றவரைப் பார்த்து, "டாக்டரோட அப்பாவா?" என்று கேட்டு, தன் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, குடிக்கக் கொடுத்து, நான் வரும்வரை கூடவே பேசிக்கொண்டிருந்தது அந்த மனிதர்தான். முன் வாரம் அவர் கேட்காமல் இருந்திருந்தால் என் அப்பாவை அவருக்கு எப்படித் தெரியும்?

அதனால் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். "அம்மாவைப் பார்த்துட்டு வந்தேன்" என்று உண்மையைச் சுருக்கமாகச் சொல்லி, "உங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று திருப்பிக் கேளுங்கள். பேச்சு அங்கே போய்விடும். வெளியே தெரியக்கூடாத விஷயம் என்றால் ஒருவரிடமும் சொல்லாதீர்கள். "உங்களுக்கு மட்டும்" என்பதெல்லாம் சின்ன ஊரில் நடக்காது. ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் குறை சொல்லவும் வேண்டாம். எதிரே இருப்பவர் அவருக்கு மைத்துனராக இருப்பார்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பின்தொடர்வது, ராத்திரியில் கூப்பிடுவது, தனியாக இருக்கிறீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்பது, இதெல்லாம் விசாரிப்பில் சேராது. அப்படி ஏதாவது நடந்தால் ஊர் வழக்கம் என்று பொறுத்துப் போகாதீர்கள். உடனே அலுவலகத்திலும், அக்கம்பக்கத்தில் நீங்கள் நம்பும் ஒரு மூத்த பெண்ணிடமும், தேவைப்பட்டால் காவல்துறையிலும் சொல்லுங்கள்.

கைக்குழந்தையோடு போகிறோம். பார்த்திருக்கும் வீட்டில் சொந்தக் கிணறு, கழிவுநீர்த் தொட்டி. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதலில் தண்ணீர். குழந்தை இருக்கிறது என்பதால் இதில் பிடிவாதமாக இருங்கள். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, கோலிஃபார்ம் கிருமிகளும் (கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டுபவை) நைட்ரேட்டும் எவ்வளவு இருக்கின்றன என்று எழுத்தில் வாங்குங்கள். உரம் போட்ட வயல், சாணக் குழி, கசியும் கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றிலிருந்து நைட்ரேட் நிலத்தடி நீரில் இறங்கும். நிறம், மணம், ருசி எதிலும் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரில் புட்டிப்பால் கலந்து கொடுத்தால், ஆறு மாதத்துக்குக் குறைவான குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கலாம். உடம்பு நீலம் பாயும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். கொதித்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

கிணற்றுக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் நடுவே 15 மீட்டராவது இருக்கிறதா என்று அடி வைத்து அளந்து பாருங்கள். அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் நல்லது. தொட்டியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பொதுவாக மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். "அதெல்லாம் எடுத்ததே இல்லை, ஒரு பிரச்சினையும் இல்லை" என்று பெருமையாகச் சொன்னால் அந்த வீடு வேண்டாம். குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளையாகப் படிந்திருந்தால் கடின நீர். உடம்புக்குக் கெடுதல் இல்லை, துணிக்கும் பாத்திரத்துக்கும்தான் கஷ்டம்.

மின்சாரம் போனால் ஜெனரேட்டர் என்றால், அது வீட்டுக்கு வெளியே, ஜன்னலிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். தாழ்வாரத்தில்கூட வேண்டாம். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

அப்பாவையும் கூட்டிப் போகிறேன். வயது 72. ரத்த அழுத்தம் உண்டு, ஒரு முறை லேசான பக்கவாதம் வந்து தேறியவர். பயமாக இருக்கிறது.

நான் மாட்டு டாக்டர். மருந்து விஷயத்தை அப்பாவின் மருத்துவரிடமே கேளுங்கள். தூரத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். ரத்தம் கட்டியதால் வரும் பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சீக்கிரம் போடப் போடப் பலன் அதிகம். அதற்கு முன் மூளையில் ரத்தக் கசிவு இல்லை என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தாக வேண்டும். ஆக, பக்கத்தில் மருத்துவமனை இருக்கிறதா என்று கேட்டால் போதாது. இருபத்து நாலு மணி நேரமும் ஸ்கேன் எடுத்து, அந்த ஊசியும் போடும் மருத்துவமனை எது என்று கேளுங்கள். அது நடுவில் இரண்டு ஊர் தாண்டி இருக்கலாம். குடியேறிய முதல் வாரத்திலேயே இருட்டிய பிறகு ஒரு முறை வண்டியில் அங்கே போய் வாருங்கள். அவசரத்தில் வழி தேட முடியாது. முகம் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ நேரே அங்கேதான் போக வேண்டும். நடுவில் சின்ன மருத்துவமனைகளில் இறங்கி ஏறி நேரத்தைத் தொலைக்கக் கூடாது. அந்த இடம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால், உங்கள் இடத்தில் நான் இருந்தால் வேறு வேலை தேடுவேன்.

கிராமப்புறம் என்பதால் இன்னும் இரண்டு. நாய் கடித்தால் உடனே சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டுத் தடுப்பூசிக்குப் போக வேண்டும். பாம்பு கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். அது எங்கே இருக்கிறது என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள்.

வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன். கடையில் நின்றாலும், மாலையில் நடந்தாலும் "என் கடன் என்னாச்சு சார்?" என்று நிறுத்துகிறார்கள். எப்படித் தவிர்ப்பது?

தவிர்க்க முடியாது சார். "ஃபைல் அங்கேதான் இருக்கு, நாளைக்குக் காலையில வாங்க, பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். அடுத்த நாள் அவர் வந்தால் நிஜமாகவே எடுத்துப் பாருங்கள். இரண்டாவதைச் செய்தால்தான் முதலாவது எடுபடும். பெரிய மனிதருக்கு ஒரு மாதிரி, சாதாரண மனிதருக்கு ஒரு மாதிரி என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். ஒருவருக்கு நடைபாதையில் பதில் சொன்னால் அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். நான் ரத்தப்போக்கு, பிரசவம் இரண்டுக்கு மட்டும் எந்த நேரத்திலும் போவேன். மற்றதெல்லாம் மருந்தகத்தில்தான். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

பூனையையும் கொண்டு போகிறேன். ஓடிவிடுமோ என்று பயம்.

என் துறைக் கேள்வி ஒன்றாவது வந்ததே! ஓடத்தான் பார்க்கும். பூனைக்கு ஆளை விட இடம் முக்கியம். சாமான் இறக்கும் நாளில் ஒரு அறையைப் பூட்டி, அதன் பழைய படுக்கை, தண்ணீர், மணல் தட்டோடு உள்ளே விட்டுவிடுங்கள். படுக்கையைத் துவைக்காதீர்கள், அந்தப் பழைய வாடைதான் அதற்கு ஆறுதல். இரண்டு மூன்று நாள் கழித்து, தானாக வெளியே வந்து சாப்பிட ஆரம்பித்த பிறகு, மற்ற அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து விடுங்கள். குறைந்தது இரண்டு, மூன்று வாரம் வீட்டை விட்டு வெளியே விடவே வேண்டாம். வெறிநாய்க்கடித் தடுப்பூசியைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுவிடுங்கள், சான்றிதழையும் கையோடு எடுத்துப் போங்கள். முதல் முறை வெளியே விடும்போது பசியோடு விடுங்கள். சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், கதவைத் திறந்தே வைத்துவிட்டு.